கைப்பேசித் திரையின் ஒளித்துடிப்பு

கோபர்கைரனேயிலிருந்து தாணேக்கு இரவில் மின்சார ரயிலேறுவோர் பலர், கண் கூசாதிருக்கும் பொருட்டுக் கைப்பேசித் திரையின் பிரகாசத்தைக் குறைத்துக்கொள்வர். சிலருக்குத் தலைவலி அதன் பின்னரே தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம்.

ஓ.எல்.இ.டி. வகைத் திரைகள் பலவற்றில், மங்கச் செய்யும்பொழுது ஒளியின் வலிமை குறைக்கப்படுவதில்லை. ஒளி விட்டுவிட்டு எரியுமாறு செய்யப்படுகிறது. அணைந்திருக்கும் நேரம் நீளுந்தோறும் திரை மங்கலாகத் தெரியும். வினாடிக்கு 240 தடவை இவ்வாறு துடிக்கும் திரைகள் உண்டு. இத்துடிப்பு பார்வைக்குப் புலப்படாவிடினும், கூருணர்வுடைய சிலரை வருத்தவல்லது.

இது புதிய தொல்லையன்று. மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டதாயின், சோக் பொருத்திய டியூப் லைட் 100 தடவை துடிக்கும். 1989-ஆம் ஆண்டில் ஆர்னால்டு வில்கின்ஸ் முதலியோர் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வில், வினாடிக்குச் சுமார் 32,000 சுற்றுகளில் விளக்குகளை இயக்கும் மின்னணுச் சாதனம் அலுவலகத்தில் பொருத்தப்பட்டது. எந்த விளக்கு எப்பொழுது எரிகிறதென்பது ஊழியர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. தலைவலியும் கண் அயர்ச்சியும் பாதிக்கும் கீழாகக் குறைந்தன!

எனினும், கைப்பேசியால் வரும் தலைவலி அனைத்தையும் துடிப்பின்மேல் சுமத்துதல் தகாது. இமைக்க மறந்து உற்று நோக்குவதும், பொருந்தாத மூக்குக்கண்ணாடியும் காரணமாகலாம். ஐயமுடையோர் இருட்டறையில் வெண்மையான திரையை மங்கச் செய்து, அதன்முன் பென்சிலொன்றை வேகமாக ஆட்டிப் பார்க்கலாம். பென்சில் ஒரே மங்கலாகத் தெரியாமல் தனித்தனிக் கோடுகளாகத் தெரியின், திரை துடிக்கிறது. அத்தகையோர் அறைவிளக்கை ஏற்றிக்கொண்டு, திரையின் பிரகாசத்தைச் சற்றுக் கூட்டி வைத்தல் நலம்.