மட்டியில் ஏறும் கடல் விஷம்

புதுச்சேரி நகரின் தென்பாகத்தில் உப்பளம் என்னும் பகுதி உள்ளது. அதற்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கின்றது. வில்லியனூர்ப் பக்கத்து வயல்களில் வடியும் நீரிற் பெரும்பகுதி சங்கராபரணியில் இறங்கி, இத்தகைய கழிமுகங்களின் வழியாகவே கடலை அடைகின்றது. கடலில் உண்டாகும் விஷத்தைப்பற்றி விவசாயிகளுக்கு எழுதுவானேன் என்று நினைப்பவர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். மேலும், கழிமுகத்தை ஒட்டிய கிராமங்களில் மட்டியை உண்போர் செம்படவர் மட்டுமல்லர். வயல் வேலை இல்லாத நாட்களில் விவசாயக் கூலிகளும் அதனைப் பொறுக்கி ஆக்கி உண்பதுண்டு.

1981-ஆம் வருஷத்தில், புதுச்சேரிக்கு வடக்கே பாலாறு கடலிற் கலக்கும் இடத்திலுள்ள வயலூர் என்னும் கிராமத்தில், மட்டியை உண்டவர்கள் திடீரென நோயுற்றனர். 85 பேர் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். அந்த மட்டி கெட்டுப்போன பண்டமன்று; நம் கடற்கரைக் கழிமுகங்களில் எங்கும் விளையும் சாதாரண மட்டியே. 1997-ஆம் வருஷம் செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞத்தில் பாறைச் சிப்பியை உண்டு எழுவர் மாண்டனர். 500-க்கு மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர்.

விஷம் மட்டியிற் பிறப்பதன்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் கடல்நீரில் மிதந்து வாழ்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. மீன் முதலிய ஜந்துக்களுக்கு இவையே மூல உணவாகும். ஒருசில இனங்கள் மாத்திரம் விஷத்தைத் தம் உடலில் உண்டாக்குகின்றன. மட்டியும் சிப்பியும் ஓயாது நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பாசியை வடிகட்டி உண்பவை. ஆகையால் விஷம் சிறிது சிறிதாக அவற்றின் உடலிற் சேர்ந்துவிடுகின்றது. மட்டிக்கு அதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. அதனை உண்ணும் மனிதனுக்கே கேடு. சாக்ஸிடாக்ஸின் எனப்படும் இவ்விஷம் ஒன்று முதல் நான்கு மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒரு கடுகின் எடையளவு, வயிற்றுக்குட் சென்றாலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

உண்ட அரைமணி முதல் இரண்டு மணி நேரத்திற்குள் உதடும் நாவும் மரமரக்கும். பின்னர் விரல் நுனிகளிலும் அவ்வாறே தோன்றும். நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். குடித்தவன் என்று எண்ணி இத்தகையவனை ஒரு மூலையிற் படுக்கவைத்துவிட்டுப் போவது பெரும் பிழையாகும். விஷம் முற்றினால் மார்புத் தசைகள் சோர்ந்து மூச்சு நின்றுவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் செயற்கையாகச் சுவாசம் கொடுத்து ஒருநாள் வரையிற் காப்பாற்றிவிட்டால் பெரும்பாலோர் முற்றிலும் தேறிவிடுவர். ஆகவே சுவாசக் கருவியுள்ள ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றி அனுப்புவதே சிகிச்சை. வேப்பிலையும் மந்திரமும் அந்த நேரத்தை வீணாக்கும்.

நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பது தவறு. கொதிநீரில் அதிற் கொஞ்சம் கரைந்து சாற்றில் இறங்குமேயன்றி அழியாது. உப்பிடுதலும் உலர்த்துதலும் அவ்வாறே. வாசனையாலும் ருசியாலும் அறிய முடியாது. வெள்ளிக்காசு கறுத்தால் விஷம் என்னும் பரீக்ஷை பயனற்றது.

நீரின் நிறமும் நம்பத்தக்க குறியன்று. 2023-ஆம் வருஷம் அக்டோபரில் புதுச்சேரிக் கடற்கரையில் நீர் செந்நிறமானபோது ஜனங்கள் அஞ்சினர். இவ்வாறு நிறம் மாற்றும் பாசிகளுட் பல விஷமற்றவை. இரவில் நீலமாய் ஒளிரும் நாக்டிலூகா என்பது விஷத்தை உண்டாக்குவதில்லை. எனினும் பெருகி மடியும்போது பிராணவாயுவைக் குறைத்து, அம்மோனியாவை விடுத்து, மீன்களைக் கொல்லக்கூடும். இதற்கு மாறாக, தெளிந்த நீரிலேயே கொடிய இனங்கள் மட்டியை விஷமாக்கப் போதுமான அளவில் இருக்கக்கூடும். நிறம் மாறி மீண்டும் தெளிந்த பின்னரும் மட்டியிலுள்ள விஷம் சில வாரங்கள் நீடிப்பதுண்டு. ரசாயன சாலையிற் சோதித்துக் கிலோவுக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேற்படாததென்று கண்டாலன்றி உண்ணத்தக்கதென்று சொல்வதற்கில்லை.

மீனைப்பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விஷம் மீனின் சதையைவிடக் குடலிலேயே தங்குகின்றது. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களைக் குடலோடு உண்பதே ஆபத்து. 1991-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில், டொமாயிக் அமிலம் என்னும் வேறொரு பாசிவிஷம் ஏறிய நெத்திலியை விழுங்கிக் கடற்பறவைகள் இறந்தன. சந்தேகமான காலங்களில் மீனைக் கீறிக் குடலை நீக்கிக் கழுவிச் சமைப்பது நலம்.

இனி, வயலின் பங்கு. உரம் அறியாத காலத்திலும் இந்த விஷம் இருந்தது. 1793-ஆம் வருஷத்தில் கப்பல் தலைவர் வாங்கூவரின் ஆட்களில் ஒருவன் வட அமெரிக்கக் கரையில் சிப்பியை உண்டு இறந்தான். ஆதலால் பழி முழுவதையும் விவசாயியின்மேற் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த நீர் கழிமுகத்தை அடைந்தால் பாசிகள் பெருகுவது உறுதி. ஐப்பசி மழைக்கு முன்தினம் சம்பா வயலில் இட்ட யூரியாவிற் பெரும்பகுதி வாய்க்காலோடு போகின்றது. போகும் பணமும் விவசாயியுடையதே. யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்திடுவதும், இட்டபின் இரண்டு மூன்று நாள் வடிகாலை அடைத்து வைப்பதும் கைக்கு எட்டிய காரியங்கள்.

ஒரே நாளில் இரண்டு வீடுகளில் மட்டி உண்டவர்களுக்கு உதடு மரமரத்ததென்று தெரிந்தால், கிராம அதிகாரி விசாரணை முடியும்வரை காத்திராமல், தண்டோரா அல்லது ஒலிபெருக்கி மூலம் மட்டி பொறுக்குவதையும் விற்பதையும் உடனே நிறுத்தச் சொல்லவேண்டும். மீன்துறைக்கும் சுகாதார நிலையத்திற்கும் தெரிவிக்கவேண்டும். எஞ்சிய மட்டியிற் கொஞ்சத்தைப் பனிக்கட்டியில் வைத்துச் சோதனைக்குக் கொடுத்து, மீதியை ஆழப் புதைக்கவேண்டும். வாத்துக்கும் கோழிக்கும் அதனை எறிதல் கூடாது.