தும்மலில் தொடங்கும் தலைவலி

பரணில் கிடந்த பழைய கம்பளியை உதறுகிறோம். அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கடைப்பு. மாலையில் நெற்றி கனக்கிறது. குனிந்தால் கண்ணுக்குக் கீழே விண்ணென்று தெறிக்கிறது. ஏன்?

தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் கழிவை ஒவ்வாமை உள்ளவர்களின் உடல் எதிரியாக எண்ணி ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள சைனஸ் அறைகள் மூக்குக்குள் திறக்கும் வாசல்கள் மிகக் குறுகியவை. வீக்கம் அவற்றை அடைத்துவிடும். உள்ளே சளி தேங்கி அழுத்துவதை, முகத்துக்கு உணர்வளிக்கும் முப்பெருநரம்பு வலியாக மூளைக்குச் சொல்கிறது.

ஆனால் எல்லாப் பழியையும் சைனஸ் மீது போடக் கூடாது. தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், 88 சதவீதத்தினரின் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலிக்கே பொருந்தின. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும். குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தலைவலிக்காக மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை விழுங்கினால் மாத்திரையே தலைவலியைத் தரக்கூடும்.

இடி விழுந்ததுபோல் திடீரெனத் தாக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, தலையில் அடிபட்டபின் வலி, 50 வயதுக்குமேல் புதிதாக வரும் தலைவலி ஆகியவற்றுக்குத் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.