வி.ஆர். பயிற்சியில் தலை சுத்துதா? குறை உங்களிடம் இல்லை!

மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் இருந்து முதல்முறையாகப் படகில் போகிறவருக்குக் குமட்டினால் என்ன செய்வது? "கீழே குனியாதே, தூரத்துல கரையைப் பாரு" என்பதுதான் கடலோரத்தில் தெரிந்த வைத்தியம். அதே ஊர்ப் பிள்ளை ஐ.டி.ஐ.யில் சேர்ந்து, கண்ணில் வி.ஆர். கருவி மாட்டிப் பயிற்சி எடுக்கும்போதும் குமட்டலாம். "இது நமக்கு ஒத்துவராது" என்று பயிற்சியையே விட்டுவிட வேண்டாம். இதற்கும் வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தும் திட்டம் செயல்படுத்தப்பட்டுள்ளது. வெல்டிங், பெயிண்டிங் போன்ற தொழில்களைப் பொருள் வீணாகாமல், காயமில்லாமல் பழக மெய்நிகர் சிமுலேட்டர்கள் உதவுகின்றன.

ஏன் தலை சுத்துது?

நம் உடல் அசைவதைக் கண்ணும் சொல்கிறது, உள்காதும் சொல்கிறது. படகில் குனிந்து வலையைப் பார்க்கும்போது காது "ஆடுகிறோம்" என்கிறது. கண் "இல்லை" என்கிறது. வி.ஆரில் இது தலைகீழ். கண் "ஓடுகிறோம்" என்கிறது. உடலோ நாற்காலியில் இருக்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்கு முக்கியக் காரணம்.

அதனால் படகில் தூரத்தைப் பார்க்கணும், வி.ஆரில் கண்ணை மூடணும். கடலில் பழகியவருக்கும் வி.ஆரில் தலை சுத்தலாம்.

என்ன செய்யலாம்?

• முதல் நாள் 5 முதல் 10 நிமிடம் போதும். நாளுக்கு நாள் கூட்டுங்கள்.
• வியர்வை, கொட்டாவி, வயிற்றுப் புரட்டல் தொடங்கியதும் நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம்.
• லென்ஸ்களின் இடைவெளியை உங்கள் கண்களுக்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்குத் தொல்லை அதிகமாவதற்கு இது பொருந்தாததும் ஒரு காரணம் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.
• நின்ற இடத்தில் செய்யும் வெல்டிங் போன்ற பயிற்சியில் தொடங்குங்கள். வண்டி ஓட்டும் பயிற்சியைப் பிறகு பாருங்கள்.
• வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம். மின்விசிறிக் காற்று படும்படி உட்காருங்கள்.
• செல்போனைச் செருகும் மலிவு விலை வி.ஆர். பெட்டியில் போன் சூடானால் படம் திக்கித் திக்கி வரும், குமட்டலும் கூடும். மற்ற செயலிகளை மூடிவிடுங்கள்.

பயிற்சியாளர் கவனத்துக்கு: படம் நொடிக்கு 90 முறை மாறும் கருவி நல்லது. காட்சியைச் சட்டென்று சுழற்றாதீர்கள்.

முன்கூட்டியே சொல்லுங்கள்

வலிப்பு, ஒற்றைத் தலைவலி, காது தொடர்பான தலைசுற்றல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் பயிற்சியாளரிடம் முன்பே தெரிவிக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் வாந்தி மாத்திரை போடாதீர்கள்.

முக்கியமாக, பயிற்சி முடிந்த கையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை எடுக்காதீங்க. தலை தெளியும் வரை உட்காருங்கள்; தெளியவில்லை என்றால் பஸ்ஸில் போங்கள்.

பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் பழகிவிடும். பழகாவிட்டாலும் கவலை வேண்டாம். நேரடிப் பட்டறைப் பயிற்சி தரும்படி கேளுங்கள். ஐ.டி.ஐ. சேர்க்கை விவரங்களை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம்.