போடிமெட்டில் கோடு போடும் முன்

முந்தல் தாண்டிக் காலையில் போடிமெட்டு ஏறியவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் சாலை யாருடையது என்று. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். 17 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் ஒரு சைக்கிள்காரர், கைப்பிடியில் மாட்டிய கருவியில் ஒரு கண் வைத்தபடி.

அவர் துரத்துவது ஒரு 'செக்மென்ட்'. 2009-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா செயலியில், தான் ஓட்டிய வழியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தொடக்கமும் முடிவும் குறித்து, பெயர் வைத்துவிடலாம். பிறகு அந்தத் துண்டைக் கடக்கிறவர்களின் நேரங்களைச் செயலியே வரிசைப்படுத்தும். முதலிடம் பிடித்தவர் மலையின் ராஜா, பெண்ணென்றால் ராணி. களம் எங்கே என்று முடிவு செய்தவரோ, மாலையில் வீட்டில் உட்கார்ந்து கோடு போட்ட யாரோ ஒருவர்.

அவருக்கு நினைவிருக்க வேண்டியது: செக்மென்ட் கடிகாரம் நிற்காது. வழியில் காலூன்றி நின்றாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே நிற்க வேண்டிய இடத்தை உள்ளே வைத்துக் கோடு போடுவது, ஒழுங்காக நிற்பவரைத் தோற்கடிக்கும் போட்டி. சிக்னல், ரயில்வே கேட், பள்ளி வாசல், சோதனைச்சாவடி எல்லாம் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

யானைக்கும் இதே கணக்கு. உடுமலையிலிருந்து மறையூர் போகும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு சரணாலயத்தையும் கடக்கிறது. யானை குறுக்கே வந்தால் அது நகரும்வரை காத்திருப்பதுதான் வழக்கம். அங்கே நேரப் போட்டி வைப்பது, காத்திருக்காதே என்று சொல்வதற்குச் சமம்.

இறக்கத்தில் கோடு போடவே வேண்டாம். 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், இழந்த முதலிடத்தை மீட்க இறக்கத்தில் பாய்ந்த ஒருவர், கார் ஒன்றைக் கண்டு பிரேக் பிடித்து விழுந்து இறந்தார். குடும்பத்தார் 2012-இல் ஸ்ட்ராவா மீது வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு அது தள்ளுபடியானது. ஆபத்தானது என்று பயனர்கள் குறியிட்ட செக்மென்டில் தரவரிசை இப்போது மறைந்துவிடும். அப்படிக் குறியிடுவது பொறாமை ஆகாது.

ஏற்றம் என்றால் தாராளமாகப் போடலாம். தூரத்தை மீட்டரிலும் சரிவைச் சதவீதத்திலும் எடுத்துப் பெருக்கி, 80,000-ஐத் தாண்டினால் ஸ்ட்ராவா அதை வகைக்குள் அடங்காத ஏற்றம் என்கிறது. எளிதாகச் சொன்னால், 800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சராசரிச் சரிவு 3 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர், தயக்கமில்லாமல் தேறும்.

பாலக்காட்டுப் பக்கம் தொல்லை வேறு. வாளையார், கஞ்சிக்கோடு சமவெளியில் மலை குறுக்கே நிற்காததால் கணவாய்க் காற்றுதான் நடுவர். தென்மேற்குப் பருவத்தில் கோவை நோக்கி ஓட்டினால் முதுகைத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் மோதும். ஜூலையில் கிழக்கு நோக்கிப் பெற்ற முதலிடத்தில் கால்களுக்கு எவ்வளவு பங்கு, காற்றுக்கு எவ்வளவு என்று ஓட்டியவரே சொல்லட்டும். சமதரைக் கோட்டை இரு திசைக்கும் போட்டு வைப்பது மரியாதை.

சில்லறை விஷயங்களும் உண்டு. அதே ஏற்றத்துக்கு ஏற்கெனவே கோடு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பத்து மீட்டர் தள்ளி இன்னொன்று போட்டுத் தானே ராஜாவாவது சின்னத்தனம். வளைவின் முனையில் தொடங்காதீர்கள். மரநிழலிலும் பாறைச் சுவரருகிலும் ஜிபிஎஸ் தடுமாறும். தொடக்கப்புள்ளி உங்கள் வீட்டு வாசலாகவும் வேண்டாம். சந்தேகமிருந்தால் உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். சைக்கிளை ஜீப்பில் ஏற்றிவிட்டுப் பதிவை நிறுத்த மறந்தவர் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தால், புகார்க் குறி போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.

முடிவுப்புள்ளியை மெட்டின் சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் கீழேயே வையுங்கள். மேலே லாரிகள் நிற்கும். தோட்டத்துப் பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கித் தேநீர்க் கடைக்குச் சாலையைக் கடப்பார்கள்.