உங்களுக்குத் தெரியுமா? கூண்டுக்குள் ஒரு குடும்பம்

● பிரெஞ்சில் 'ஃபோல்' என்றால் பைத்தியக்காரி. பேச்சு வழக்கில், நளினம் காட்டும் தன்பால் ஈர்ப்பு ஆண்களைக் கேலி செய்யும் சொல்லும் அதுதான். அந்தக் கேலியையே தலைப்பாக்கி 'லா காஜ் ஓ ஃபோல்' ('ஃபோல்'களின் கூண்டு) என்ற நாடகத்தை எழுதினார் நடிகர் ழான் புவாரே. 1973-ல் பாரீஸின் பாலே ராயல் அரங்கில் அரங்கேறி, ஆண்டுக்கணக்கில் ஓடியது. 1978-ல் படமானது.

● கதை இதுதான். இரவு விடுதி நடத்தும் ரெனாட்டோவும், அங்கே பெண் வேடமிட்டு ஆடும் அல்பானும் பல வருடத் தம்பதி. ரெனாட்டோவுக்கு என்றோ ஒரு பெண்ணிடம் பிறந்த மகனை இருவருமாக வளர்த்திருக்கிறார்கள். அவன் காதலிப்பதோ, ஒழுக்கக் காவலராக அரசியல் நடத்துபவரின் மகளை. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். "அன்றைக்கு மட்டும் அல்பான் வீட்டில் இருக்க வேண்டாமே" என்கிறான் பிள்ளை. படத்தில் வில்லன் அரசியல்வாதி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தப் பிள்ளைமேல்தான் கோபம். சோறூட்டி வளர்த்தவரை ஒளித்துவைக்கச் சொல்கிறானே! அல்பான் ஒளியவில்லை, புடவைக்குப் பதில் கவுன் என்பதுதான் வித்தியாசம், அசல் சம்பந்தியம்மாளாகவே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

● ரெனாட்டோவாக நடித்த ஊகோ தொன்யாட்ஸி இத்தாலியர். பிரெஞ்சுப் பதிப்பில் அவருக்குக் குரல் கொடுத்தவர், மேடை நாடகத்தை இயக்கிய பியர் மோந்தி. மேடையிலும் திரையிலும் அல்பான் ஆனவர் மிஷேல் செரோ. அதற்காக சிறந்த நடிகருக்கான சேசர் விருதை வாங்கினார்.

● இயக்குநர் எடுவார் மொலினாரோவின் பெயர் ஆஸ்கரின் சிறந்த இயக்குநர் பட்டியலில் ஏறியது. ஆங்கிலம் அல்லாத படத்துக்கு, அதுவும் சிரிப்புப் படத்துக்கு, அபூர்வமான மரியாதை. இசை? எனியோ மோரிக்கோனே.

● 1983-ல் பிராட்வேயில் இசை நாடகமாக மறுபிறவி. ஜெர்ரி ஹெர்மன் பாட்டு, ஹார்வி ஃபியர்ஸ்டீன் வசனம். 1,761 காட்சிகள், 6 டோனி விருதுகள். முதல் அங்கத்தின் முடிவில், தன்னை ஒதுக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த அல்பான் மேடையில் தனியாக நின்று 'ஐ ஆம் வாட் ஐ ஆம்' பாடுவார். பாடி முடித்ததும் தலையிலிருக்கும் விக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பார்வையாளர்களுக்கு நடுவே இறங்கி வெளியேறுவார். அந்தப் பாட்டு பின்னாளில் தன்பால் ஈர்ப்பாளர்களின் பேரணிப் பாட்டாகவே ஆகிவிட்டது.

● 1996-ல் ஹாலிவுட் 'தி பேர்ட்கேஜ்' எடுத்தது. இயக்கம் மைக் நிக்கல்ஸ், திரைக்கதை எலைன் மே. இருவரும் இளமையில் மேடையில் ஜோடி போட்டுச் சிரிக்கவைத்தவர்கள். கதை பிரான்ஸின் சான் ட்ரோபேயிலிருந்து மயாமி கடற்கரைக்குப் பெயர்ந்தது.

● ராபின் வில்லியம்ஸை முதலில் அழைத்தது பெண் வேடமிடும் பாத்திரத்துக்கு. 'மிஸஸ் டவுட்ஃபயர்' முடித்து அதிக நாளாகவில்லை. மறுபடியும் புடவையா, ஸாரி, கவுனா என்று அவர் அடக்கமான கணவர் வேடத்தை எடுத்துக்கொண்டார். அந்த டவுட்ஃபயர்தான் நம்மூரில் 'அவ்வை சண்முகி'. அதுவும் அதே 1996!

● சமையலறைக் காட்சியில் ராபின் வில்லியம்ஸ் தடாலென்று வழுக்கி விழுவது ஒத்திகையில் இல்லாதது. நிஜமாகவே விழுந்தார், நடிப்பை நிறுத்தவில்லை, கேமராவும் நிற்கவில்லை. சிரிப்பை அடக்கப் படாதபாடு படும், வேலைக்காரராக நடித்த ஹாங்க் அசாரியாவின் முகத்தை அடுத்த முறை கவனியுங்கள்.

● கடல்மேல் பறந்துவந்து விடுதிக்குள் நுழையும் தொடக்கக் காட்சியின் ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கி. பிற்பாடு தொடர்ந்து 3 ஆண்டுகள் ஆஸ்கர் வென்றாரே, அவரேதான்.

● கதை நடக்கும் ஃப்ளோரிடாவில், தன்பால் ஈர்ப்பாளர்கள் குழந்தையைத் தத்தெடுக்கக் கூடாது என்று 1977 முதல் சட்டமே இருந்தது. நீதிமன்றத்தில் அது அடிபட்டது 2010-ல்தான். திரையரங்கில் இந்தக் குடும்பத்தைப் பார்த்து ஊரே சிரித்த நாளில், அதே ஊரில் சட்டம் சிரிக்கவில்லை.

● மனைவி வேடமிட்ட நேதன் லேன் அப்போது தானும் தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கவில்லை. ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில் பேச்சு அந்தத் திசையில் போனபோது, பக்கத்திலிருந்த ராபின் வில்லியம்ஸ் குறுக்கே புகுந்து வேடிக்கை பண்ணிப் பேச்சைத் திருப்பிவிட்டார். லேன் இதைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

● கதையின் கடைசியில் வாசலில் பத்திரிகைக்காரர் கூட்டம். ஒழுக்கம் பேசிய அரசியல்வாதி தப்ப ஒரே வழி: விடுதி ஆட்டக்காரிகளோடு ஆட்டக்காரியாக வெளியேறுவது. ஹாலிவுட் பதிப்பில் ஜீன் ஹேக்மேன் வெள்ளை கவுனும் பொன்னிற விக்கும் போட்டுக்கொண்டு வருகிறார். அந்த நேரத்தில் அவர் கவலை மானம் பற்றியதல்ல; வெள்ளை நிறம் தன்னைக் குண்டாகக் காட்டுகிறதே என்பது!