புகை கிளப்பிய என் கெட்டித்தனம்



இதை எழுத எனக்கு இன்னமும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்களில் பலர் இன்று ஸ்கூட்டியை நம்பித்தான் உழைக்கிறோம். நான் விட்ட பிழையை இன்னொருத்தி விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் இருப்பது திருகோணமலை உப்புவெளியில். விடியப்புறம் எழும்பிச் சமைத்து, பகல் சாப்பாட்டுப் பார்சல்களை உட்துறைமுக வீதியிலும் உவர்மலையிலும் உள்ள அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். ஒரு நாளைக்கு முப்பது பார்சல். ஸ்கூட்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியும்.

2022 ஆம் ஆண்டு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்தோம். ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறியது. பிறகு கியூஆர் அட்டை வந்தபோது, ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். பெற்றோலோடு ஒயில் விலையும் கராஜ் கூலியும் ஏறின. அடுத்த வருடம் ஒயில் மாற்றும் நாள் வந்தபோது, 'இதைக்கூட நானே செய்யக்கூடாதா?' என்று யோசித்தேன்.

யோசித்ததற்குக் காரணம் காசு மட்டுமல்ல. கராஜுக்குப் போனால் அங்கே நிற்கும் ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் இல்லாதவள் என்றால் இன்னும் ஒருமுறை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் ஸ்கூட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

இன்னொன்று, ஒயில் மாற்றுவது எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. எங்கள் வீட்டுக்காரர் மூதூர்க் கிழக்கில் இருந்த காலத்தில் தன் மோட்டார் சைக்கிளுக்குத் தானே ஒயில் மாற்றுவார். கீழே உள்ள போல்ட்டைக் கழற்றுவார். வெட்டிய கானில் கறுப்பு ஒயில் இறங்கும். நான் பக்கத்தில் குந்தியிருந்து துணி எடுத்துக் கொடுப்பேன். 2006 இல் இடம்பெயர்ந்தபோது அந்த மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டு வந்தோம். அதே வருடம் அவரையும் இழந்தேன். ஆனால் அவர் செய்த வேலை என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மகளை ரோச் பிடிக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியின் கீழே பார்த்தேன். பின் சில்லுக்குக் கிட்ட ஒரு போல்ட் இருந்தது. கழற்றினேன். கொஞ்சம்தான் வந்தது, அரைத் தேத்தண்ணிக் கப் அளவு.

"இவ்வளவுதானா அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"மிச்சத்தை எஞ்சின் குடிச்சிட்டுது" என்று பெரிய மெக்கானிக் மாதிரிப் பதில் சொன்னேன். போல்ட்டைப் பூட்டிவிட்டு, புது எஞ்சின் ஒயில் போத்தல் முழுவதையும் ஊற்றினேன். அன்றிரவு பக்கத்து வீட்டு அக்காவிடம் என் கெட்டித்தனத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டும் கொண்டேன்.

திங்கட்கிழமை பகல். ஸ்கூட்டி வழமைபோல இழுக்கவில்லை. பின்பக்கம் ஒரு மாதிரி இரைந்தது. உவர்மலை ஏற்றத்தில் திருகினேன். சைலன்சரால் வெள்ளைப் புகை கிளம்பியது. பின்னால் வந்த ஆட்டோ கண்ணுக்குத் தெரியவில்லை.

"அக்கா, வண்டி பத்துது! இறங்குங்க!"

தேத்தண்ணிக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் சாப்பாட்டுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவீதியில் நின்றேன். எந்தப் பார்வைக்குப் பயந்து கராஜுக்குப் போகாமல் விட்டேனோ, அது நாலு மடங்காக வந்து சேர்ந்தது.

புகையைக் கண்டு கத்திய ஆட்டோத் தம்பிதான் பார்சல்களை ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்கூட்டியைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வேலைப் பொடியன் சிரித்தான். வயதான மேசன் அண்ணை சிரிக்கவில்லை.

"தங்கச்சி, நீங்க கழட்டினது கியர் ஒயில். எஞ்சினுக்குள்ள பழைய ஒயில் அப்பிடியே கிடக்கு. அதுக்கு மேல புதுசையும் ஊத்தியிருக்கிறீங்க."

பிறகு விளக்கமாகச் சொன்னார். சாதாரண மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளச் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஒயில்தான். ஸ்கூட்டியில் அப்படியில்லை. எஞ்சினுக்கு ஒன்று, பின் சில்லைச் சுற்றும் கியருக்கு வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் போல்ட். எஞ்சினுக்குள் அளவுக்கு மிஞ்சிய ஒயில் எயார் பில்டர் வழியாகப் போய் எரிந்ததால் வந்ததுதான் அந்தப் புகை. கியர் ஒயில் இல்லாமல் இன்னும் சில நாள் ஓடியிருந்தால் பற்சில்லுகள் தேய்ந்து, செலவு என் ஒரு மாத உழைப்பை விழுங்கியிருக்கும்.

அவர் செய்தது பிழையில்லை. அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. என்னுடையது வேறு வண்டி. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்க வெட்கப்பட்டதற்கு இரண்டு ஒயிலும் ஒரு எயார் பில்டரும் வாங்கவேண்டி வந்தது.

இப்போதும் நானேதான் ஒயில் மாற்றுகிறேன். முதல்முறை மேசன் அண்ணை பக்கத்தில் நின்று பார்த்தார். நான் பழகியவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

* எஞ்சின் ஒயில் போல்ட் எது, கியர் ஒயில் போல்ட் எது என்று முதலில் கைநூலில் பாருங்கள், அல்லது கேளுங்கள். பெயின்ற்றால் ஓர் அடையாளம் வையுங்கள்.

* எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் நன்றாக இறங்கும். கொதிசூட்டில் தொடவேண்டாம்.

* இறங்கிய ஒயிலை அளந்து பாருங்கள். ஸ்கூட்டி எஞ்சினில் முக்கால் லீற்றர் அளவு வரவேண்டும். கொஞ்சமாக வந்தால் நிறுத்தி யோசியுங்கள்.

* புது ஒயிலை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். ஸ்கூட்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். ஒயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும்.

* பழைய ஒயிலை மணலில் ஊற்றாதீர்கள். எங்கள் கிணறுகள் மணற்கிணறுகள். போத்தலில் விட்டுக் கராஜில் கொடுங்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுடைய ஸ்கூட்டிக்கும் நான்தான் ஒயில் மாற்றினேன். தொடங்கமுன் என் மகள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, எந்தப் போல்ட்?"

விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் ஸ்பனரைக் கையில் எடுத்தேன்.