மீன்தொட்டிக் கரியும் கிணற்று நீரும்

வேலணைத் தீவிலுள்ள மண்கும்பான் மணற்பாங்கான கிராமமாகும். மாரி மழைநீர் மணலினூடாக இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. குடிப்பதற்கும், தோட்டத்துக்கு இறைப்பதற்கும், வீட்டிற் பிள்ளைகள் வளர்க்கும் அலங்கார மீனுக்கும் கிணறு தரும் நீர் அப்படையின் நீரே. மீன்தொட்டியில் மஞ்சளித்த நீரைக் கரி தெளியச் செய்வதைக் கண்டோர், அது கிணற்று நீரின் குறைகளையும் போக்கும் எனக் கருதுவதுண்டு. அக்கருத்தில் பாதியே உண்மை.

கரியின் இயல்பு

தொட்டிகளுக்கு உகந்தது செயலூட்டிய கரியாகும். இலங்கையில் இது தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படுகின்றது. சிரட்டையைக் காற்றுக் குறைவான இடத்தில் எரித்துக் கரியாக்கியபின், ஏறக்குறைய 900 பாகை செல்சியசு வெப்பத்தில் நீராவியைச் செலுத்துவர். அதனால் எண்ணிறந்த நுண்டுளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீற்றராகும். தோட்டக் காணிக் கணக்கில் இது 4 பரப்பு. நீரிலுள்ள நிறம், மணம், மருந்தின் எச்சம் ஆகியவை இப்பரப்பிற் பற்றிக்கொள்ளும். அடுப்புக்கரிக்கு இவ்வாற்றல் மிகக் குறைவு.

தொட்டியில் இடும் முறை

1. கரியைத் தூள் நீங்கும்வரை கழுவித் துணிப்பையில் இடுக.
2. நீர் முதலிற் பஞ்சினூடாகவும் பின்னர்க் கரியினூடாகவும் செல்லுமாறு அமைக்க.
3. மீனுக்கு மருந்திடும் நாட்களிற் கரியை எடுத்துவிடுக. இன்றேல் மருந்தைக் கரி பற்றிக்கொள்ளும்.
4. மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை புதுக்கரி இடுக.

கரியால் ஆகாதவை

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவற்றையோ உப்பையோ கரி நீக்குவதில்லை. ஆதலால் தெளிந்த நீரிலும் மீன் இறக்கக்கூடும். வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். அகற்றிய நீர் மிளகாய், கத்தரிச் செடிகளுக்கு ஊட்டமாகும். மருந்தோ உப்போ கலந்த நீரைப் பாத்திக்கு விடலாகாது.

கமக்காரர் உணரவேண்டியது

தொட்டியிற் சேரும் நைத்திரேற்றே கிணற்றிலும் சேர்கின்றது. அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவும் எருவும் மணலில் விரைந்து இறங்குவதே காரணம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அது மிகுந்த நீரிற் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. நீர் வற்றுவதாற் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே பசளையைச் சிறுசிறு பங்குகளாகப் பிரித்து இடுதல் வேண்டும். பெருமழைக்கு முன் இடுதலும், கிணற்றருகே எருவைக் குவித்தலும் தவிர்க்கத்தக்கவை. கிணற்று நீரைக் காலத்துக்குக் காலம் பரிசோதிப்பித்தல் நன்று. தொட்டி நீரைத் தெளிவிக்கக் கரி உதவும். கிணற்றைக் காப்பது கமக்காரரின் கையிலேயே உள்ளது.